விளக்கு வைக்கும் நேரத்தின் விலை

விளக்கு வைக்கும் நேரத்தை மங்கல வேளை என்றனர் நம் முன்னோர். அவ்வேளையையே நாளின் மிக விலையுயர்ந்த வேளையாக்கும் பொருளாதாரம் ஒன்று, சீர்திருத்தம் என்னும் பெயர் பூண்டு இன்று உலகெங்கும் உலா வருகின்றது. மணிக்கு மணி மாறும் மின்விலை என்பதே அது.

அதன் இயக்கம் எளிது. மறுநாளின் ஒவ்வொரு மணிக்கும் வேண்டிய மின்சாரத்தை முதல்நாளே கணக்கிடுவர். உற்பத்தியாளர் தத்தம் விலையைக் கூறுவர். மலிவானது முதலாக வாங்கிச் சென்று, தேவை நிறைவுறும் இடத்தில் நிற்கும் கடைசி நிலையத்தின் விலையே அம்மணிக்கு எல்லோருக்கும் உரிய விலையாகும். 2021 பெப்ரவரிப் பனிப்புயலின்போது அமெரிக்காவின் டெக்ஸாஸில் அவ்விலை அலகுக்கு 9 டொலரைத் தொட்டது. தம் வீட்டைச் சந்தை விலையோடு பிணைத்திருந்தோர் ஆயிரக்கணக்கான டொலருக்குப் பட்டியல் பெற்றனர்.

இலங்கை வீடுகளுக்கு அத்தகைய மணிச்சந்தை இல்லை. அதன் தம்பி உண்டு. மும்முனை இணைப்புள்ள வீடுகளுக்கு விருப்பத் தெரிவாக வந்த நேரவாரிக் கட்டணமே அது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். 2022ஆம் ஆண்டு உயர்வுக்கு முந்திய பட்டியலில் அந்நேர அலகு 54 ரூபா, பகலில் 25, பின்னிரவில் 13.

“மாலையில் எண்ணெய் எரித்தல்லவா மின்சாரம் எடுக்கிறோம்? பகலிலோ வெயில் தருவது மிஞ்சுகிறதே” என்பர் இதன் ஆதரவாளர். உண்மைதான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே வேண்ட நேர்ந்தது. நாம் மறுப்பது கணக்கையன்று. அதனை யார் தலையில் கட்டுவது என்னும் முடிவையே மறுக்கிறோம்.

சண்டிலிப்பாயில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். வெங்காயத் தோட்டத்தில் வேலை முடித்த தாய் உலை வைப்பதும், பிள்ளை பரீட்சைக்குப் படிப்பதும் அந்த நான்கு மணிநேரத்திலேதான். ஒரு மின்குமிழ், ஒரு மின்விசிறி: இவற்றுள் எதனைப் பின்னிரவு இரண்டு மணிக்கு ஒத்திவைப்பது? சலவை இயந்திரமும் மின்சாரக் காரும் உடையவருக்கே நேரம் மாற்றும் வாய்ப்புண்டு. இருப்பவருக்குத் தெரிவு, இல்லாதவருக்குத் தண்டம்!

விருப்பந்தானே, கட்டாயமில்லையே என்று வாளாவிருத்தல் ஆகாது. இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட விதிகள், வேளாண்மை தவிர்ந்த ஏனைய பாவனையாளர்க்கும் 2025 ஏப்ரல் முதல் நேரவாரிக் கட்டணத்தை வகுத்தன. இன்றைய தெரிவு நாளைய சட்டமாதல் புதுமையன்று.

1990களில் ஜாம் போத்தல் விளக்கொளியில் படித்தவர் எங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும். 2022இல் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டையும் இம்மண் கண்டது. இருளின் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

ஆகவே நாம் கோருவது இது: மிஞ்சும் வெயிலை மின்கலங்களிற் சேமித்து மாலைக்குத் தருக. பகலின் மலிவை, மின்மானியைப் பொதுச்செலவில் மாற்றி, எல்லோருக்கும் தருக. சிறுபாவனை வீடுகளின் முதல் அலகுகளுக்கு எந்நேரமும் ஒரே குறைந்த விலை நிலைக்கட்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! கட்டணத் திருத்தங்களின்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்பதுண்டு. அடுத்த முறை நாமும் எழுதுவோம். மாலை 6.30க்கு எங்கள் பிள்ளைகள் புத்தகம் விரிக்கிறார்கள் என்பதே அக்கடிதத்தின் முதல் வரியாகட்டும்.