அரிவாள் செல் நோய்: ஆய்வுக்கூடம் கண்ட வழி பழங்குடியினருக்கு எட்டுமா?

புது தில்லி: பழங்குடி மக்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிவரும் அரிவாள் செல் ரத்தசோகை நோயை 2047-ஆம் ஆண்டுக்குள் ஒழித்துவிடுவது என்று மத்திய அரசு கெடு விதித்துக்கொண்டுள்ளது. அந்நோயைத் தீர்க்கவல்ல மரபணுத் திருத்தச் சிகிச்சையை உள்நாட்டு விஞ்ஞானிகளே உருவாக்கிவிட்டதாகவும் 2025 நவம்பரில் தில்லியில் அறிவிக்கப்பட்டது. அச்சிகிச்சைக்கு விடுதலைப் போராட்ட வீரர் பிர்சா முண்டாவின் நினைவாக "பிர்சா 101" என்று பெயரிடப்பட்டுள்ளது.

கெடுவும் இருக்கிறது, சிகிச்சைக்குப் பெயரும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே பணம், சட்டம், நோயாளியின் ஒப்புதல் என மூன்று கேள்விகள் விடை காணப்படாமல் நிற்கின்றன. மூன்றும் விஞ்ஞானிகளைவிட அரசியல்வாதிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

எண்ணிக்கை சொல்வது என்ன?

2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேச மாநிலம் ஷாடோலில் தொடங்கி வைத்தார். 40 வயதுக்கு உள்பட்ட 7 கோடிப் பேரின் ரத்தத்தைப் பரிசோதிப்பது இதன் இலக்கு. தமிழ்நாடு உள்பட 17 மாநிலங்கள் இதில் அடங்கும்.

2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் சுமார் 6 கோடிப் பேர் பரிசோதிக்கப்பட்டுவிட்டனர். அவர்களில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயாளிகள் என்றும், 16 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயின் கூற்றைச் சுமப்பவர்கள் என்றும் கண்டறியப்பட்டது. நோய்க்கூற்றைச் சுமக்கும் இருவர் மணம் புரிந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. திருமணத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு மரபணு நிலை அட்டைகள் வழங்கப்படுகின்றன.

வருங்காலத் தலைமுறையைக் காக்க அந்த அட்டை உதவும். இப்போது நோயோடு வாழும் 2 லட்சம் பேருக்கு அட்டையால் ஆவது எதுவுமில்லை. தாங்க முடியாத மூட்டு வலி, அடிக்கடி நோய்த்தொற்று, மண்ணீரல் சிதைவு, பக்கவாதம் எனத் தொடரும் அவர்களது துன்பத்துக்கு வேண்டியது சிகிச்சை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோய் சேர்க்கப்பட்டது. ஆனால், சான்றிதழ் பெறுவதற்கே மாவட்டத் தலைநகருக்குப் பல முறை அலைய வேண்டியவர்கள் அவர்கள்.

இந்தியாவில் இந்நோய்க்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான், ஆண்டு 1952. அதன்பின் தேசிய அளவில் ஓர் இயக்கம் தொடங்கப்பட 71 ஆண்டுகள் பிடித்தன.

உறங்கும் மரபணு

சிகிச்சைக்கான வழி பிறந்த கதை, கரு வளர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சியோடு தொடர்புடையது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன், இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் முதல் சில மாதங்களில் நலமாகவே இருப்பதை 1948-இல் சுட்டிக்காட்டினார். தாயின் வயிற்றில் இருக்கும்போது சிசுவின் ரத்தத்தில் ஒருவகை ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் அது குறைந்து, வேறுவகை ஹீமோகுளோபின் அதன் இடத்தைப் பிடிக்கிறது. நோய்க்குக் காரணமான பிழை இந்த இரண்டாவது வகையில்தான் உள்ளது. முதல் வகை நீடிக்கும்வரை குழந்தைக்குத் தீங்கில்லை.

சிசுப்பருவ ஹீமோகுளோபினுக்கான மரபணு அழிந்துவிடுவதில்லை, அடக்கி வைக்கப்படுகிறது. மனித உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். ஆயினும் ஓர் உயிரணு கண்ணாகவும் மற்றொன்று கல்லீரலாகவும் ஆவதற்குக் காரணம், எந்த மரபணு பேச வேண்டும், எது மௌனம் காக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. மரபணு இழையின் மேல் ஒட்டும் மீத்தைல் குறிகளும், அவ்விழை சுற்றப்பட்டிருக்கும் புரதங்களில் ஏற்படும் மாற்றங்களும் அந்தக் கட்டுப்பாட்டை நடத்துகின்றன. எழுத்தை மாற்றாமல் வாசிப்பை மட்டும் மாற்றும் இந்த ஏற்பாட்டை விஞ்ஞானிகள் எபிஜெனெடிக்ஸ் என்கின்றனர்.

இந்தக் கட்டுப்பாடு நிரந்தரமானது அல்ல என்பதை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்யா யமனாகா 2006-இல் நிரூபித்தார். நான்கே மரபணுக்களைச் செலுத்தி, முதிர்ந்த எலித்தோல் உயிரணுவைக் கருநிலைக் குருத்தணு போன்றதாக அவர் மாற்றினார். 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தத்தில் இதே பாடம் வேறு வகையில் பயன்பட்டது. சிசுப்பருவ ஹீமோகுளோபின் மரபணுவை அடக்கி வைக்கும் "பிசிஎல்11ஏ" என்ற புரதத்தின் பங்கு 2008-இல் தெளிவாயிற்று. நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, அப்புரதத்தைச் சுரக்கச் செய்யும் விசையை வெட்டிவிட்டு, மீண்டும் உடலில் செலுத்தினால், உறங்கும் மரபணு விழித்துக்கொள்கிறது. இந்த அடிப்படையில் அமைந்த "காஸ்ஜெவி" என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன.

விலையைக் கேட்டால்...

அமெரிக்காவில் அச்சிகிச்சைக்கு நிர்ணயிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். ரூபாய்க் கணக்கில் பல கோடி. 2 லட்சம் நோயாளிகளுக்கு அந்த விலையில் சிகிச்சை என்பது எந்த நிதியமைச்சராலும் எண்ணிப்பார்க்க முடியாதது. உள்நாட்டு முயற்சியின் முக்கியத்துவம் இங்குதான் உள்ளது.

அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தில்லி மரபணுவியல் நிறுவனம், வெளிநாட்டு நிறுவனங்களின் கத்தரியை நம்பாமல் வேறொரு பாக்டீரியாவிலிருந்து பெற்ற வெட்டுப் புரதத்தைக் கொண்டு தனது முறையை வகுத்துள்ளது. புணேவைச் சேர்ந்த செரம் நிறுவனத்துக்குத் தொழில்நுட்பம் கைமாற்றப்பட்டுள்ளது. எனினும், அறிவிக்கப்பட்டது ஆய்வின் வெற்றியே தவிர, மருத்துவப் பரிசோதனைகளைக் கடந்து சந்தைக்கு வந்துவிட்ட மருந்து அல்ல.

விலை குறையும் என்ற நம்பிக்கைக்கு முன்னுதாரணம் உண்டு. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய ரத்தப் புற்றுநோய்க்கான உயிரணுச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு அது அளிக்கப்படுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், குருத்தணுக்களில் சரியான மரபணுவைச் சேர்த்து ஹீமோஃபிலியா நோயாளிகள் 5 பேருக்கு அளித்த சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் சர்வதேச மருத்துவ இதழில் வெளியாகின. திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இவை சான்று.

ஆனால், பத்தில் ஒரு பங்கு என்பதும் பல லட்சம் ரூபாய்தான். மருந்தின் விலையோடு செலவு முடிவதும் இல்லை. திருத்திய குருத்தணுக்களைச் செலுத்துவதற்கு முன், எலும்பு மஜ்ஜையில் உள்ள பழைய அணுக்களைக் கடுமையான மருந்தால் அழிக்க வேண்டும். அம்மருந்து குழந்தைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். நோயாளி பல வாரங்கள் தொற்றுத் தடுப்பு அறையில் இருக்க வேண்டும். அத்தகைய வசதியுள்ள மருத்துவமனைகள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கின்றன. நோயாளிகளோ காடுகளிலும் மலைகளிலும் இருக்கின்றனர்.

அதற்கிடையே எளிய வழியொன்று கைவசம் உள்ளது. ஹைட்ராக்சியூரியா என்னும் மலிவான மாத்திரை, சிசுப்பருவ ஹீமோகுளோபினை ஓரளவு உயர்த்தி வலியின் தாக்குதலைக் குறைக்கிறது. நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய அம்மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றிக் கிடைப்பதும், அதற்குரிய ரத்தப் பரிசோதனை அங்கேயே நடப்பதும் உறுதி செய்யப்பட்டால், லட்சக்கணக்கானோர் உடனே பயன் பெறுவர். பெயர் சூட்டும் விழாக்கள் இல்லாத பணி என்பதால் அது பின்தங்கிவிடக் கூடாது.

சட்டத்தின் நிலை

இரண்டாவது கேள்வி சட்டம் பற்றியது. குருத்தணு என்ற சொல்லுக்கு இந்நாட்டில் கவர்ச்சியும் உண்டு; வணிகமும் உண்டு. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2013-லும் 2017-லும் திருத்தியது. ரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்று போன்ற நிலைபெற்ற சிகிச்சைகள் தவிர மற்றவை அனைத்தும் ஆராய்ச்சியே; அவற்றுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அவற்றின் சாரம். ஆனால், நெறிகளுக்குச் சட்டத்தின் பற்கள் இல்லை.

சட்டமியற்றும் முயற்சி நடக்காமல் இல்லை. மருத்துவப் பரிசோதனைகளுக்குத் தனி அத்தியாயம் வகுத்த மருந்து, அழகுப்பொருள் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமானது. 2016-இல் அதைத் திரும்பப் பெற அரசு முடிவு செய்தது. பின்னர், 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளில், குருத்தணுவிலிருந்து பெறும் பொருள்களும் மரபணுச் சிகிச்சைப் பொருள்களும் "புதிய மருந்து" என்ற வரையறைக்குள் கொண்டுவரப்பட்டன. இது 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விதி. நாடாளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய தனிச் சட்டம் அல்ல.

இடைவெளியின் விளைவை ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோர் அறிவர். அக்குழந்தைகளுக்குக் குருத்தணுச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022 டிசம்பரில் கூறியது. அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைக்கு வெளியே அதை ஒரு சிகிச்சையாக வழங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2026 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நிர்வாகமும் நாடாளுமன்றமும் முன்னரே வரைந்திருக்க வேண்டிய கோட்டை நீதிமன்றம் வரைய நேர்ந்தது. அரிவாள் செல் நோய்க்கும் போலிகள் கிளம்புமுன் கண்காணிப்பு அமைப்பை வலுப்படுத்துவதே விவேகம்.

மறக்கக் கூடாத அறிக்கை

மூன்றாவது கேள்வி ஒப்புதல். மரபணுத் திருத்தச் சிகிச்சையின் பரிசோதனைக்கு முதலில் அழைக்கப்படப்போகிறவர்களில் பலர் பழங்குடி இளைஞர்களாகவே இருப்பர். இங்கு நாடாளுமன்றத்துக்கு ஒரு நினைவு உண்டு. ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பழங்குடிச் சிறுமியர் உள்ளிட்டோருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்ட திட்டம் 2010-இல் நிறுத்தப்பட்டது. சிறுமியர் எழுவரின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணையில் கூறப்பட்டது. ஆனால், ஒப்புதல் பெறப்பட்ட விதத்தை, சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தனது 72-ஆவது அறிக்கையில் 2013 ஆகஸ்டில் கடுமையாகச் சாடியது. ஆயிரக்கணக்கான படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர்.

2019 விதிகள் இத்தகைய நிலையைத் தவிர்க்கச் சில பாதுகாப்புகளை அளிக்கின்றன. பரிசோதனையால் பாதிக்கப்படுவோருக்கு இழப்பீடு உண்டு. எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பிரிவினரிடம் ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்பதும் உண்டு. ஆனால், அவ்விதி புதிய வேதிப்பொருள், புதிய மூலக்கூறு என்ற சொற்களோடு எழுதப்பட்டுள்ளது. திருத்தப்பட்ட உயிரணுவுக்கும் அது பொருந்தும் என்பதை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக்குவது நல்லது. கோண்டி, சந்தாலி, முண்டாரி பேசுவோரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டி வாங்கும் கைநாட்டு ஒப்புதலாகாது. மலட்டுத்தன்மை நேரக்கூடும் என்பதை இருபது வயது இளைஞரிடம் அவரது மொழியில் சொல்லியாக வேண்டும்.

அவையில் எழ வேண்டிய கேள்விகள்

பழங்குடியினருக்கான தனித் தொகுதிகளிலிருந்து மக்களவைக்கு 47 பேர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அரிவாள் செல் நோய் பற்றி அவையில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்பதோடு நின்றுவிடுகின்றன. அமைச்சரும் பட்டியலொன்றை அவையில் வைக்கிறார். எத்தனை பேர் தொடர்ந்து மாத்திரை பெறுகின்றனர், பழங்குடி மாவட்டங்களுக்கு எட்டும் தூரத்தில் எத்தனை அரசு மருத்துவமனைகளில் குருத்தணு மாற்று வசதி உள்ளது, பொதுப்பணத்தில் கண்டறியப்பட்ட சிகிச்சையைத் தனியார் நிறுவனம் எந்த விலைக்கு விற்கலாம் என ஒப்பந்தம் கூறுகிறதா என்பன கேட்கப்பட வேண்டியவை.

தலசீமியா குழந்தைகளின் குருத்தணு மாற்றுக்கு, பொதுத்துறை நிறுவனமான கோல் இந்தியா தனது சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தலா 10 லட்சம் ரூபாய் வரை அளித்துவருகிறது. அத்தகைய ஏற்பாட்டை நிதிநிலை அறிக்கையின் நிரந்தர ஒதுக்கீடாக அரிவாள் செல் நோய்க்கும் கொண்டுவருவது இயலாத காரியமல்ல.

பிர்சா முண்டாவின் பெயரைச் சிகிச்சைக்குச் சூட்டுவது எளிது. நிலத்துக்கும் காட்டுக்குமான உரிமையைக் கேட்டுப் போராடி, 25 வயது நிறைவதற்குள் ராஞ்சி சிறையில் மாண்டவர் அவர். அவருடைய மக்களுக்கு அச்சிகிச்சை சலுகையாக அல்லாமல் உரிமையாகக் கிடைக்கும்போதுதான் பெயரிட்டதற்குப் பொருள் இருக்கும். அதற்கான முதல் அடியை விதிகளையும் நிதியையும் கையில் வைத்திருக்கும் நாடாளுமன்றம்தான் எடுத்து வைக்க வேண்டும்.