ஒன்பது சென்ரிமீற்றரும் ஒரு மாதக் கொடுப்பனவும்

இலங்கையின் குறுந்தூர ஓட்ட வீராங்கனை சுசந்திகா ஜயசிங்க 2017இல் தன் ஒலிம்பிக் பதக்கத்தை விற்கப்போவதாகச் சொன்னார். விளையாட்டுத்துறை அமைச்சிலிருந்து கிடைத்துவந்த மாதாந்தக் கொடுப்பனவு மாதக்கணக்கில் நின்றுபோய்விட்டது, வேறு வழியில்லை என்றார். செய்தி வந்த கையோடு ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. விளம்பரத்துக்கு அழுகிறார், வாய் நீளம், வீடும் காசும் எப்போதோ கொடுத்தாயிற்றே, வேலைக்கே வராதவருக்குச் சம்பளமா? இவர்களுக்கு வரிக்கு வரி பதில் சொல்லி இடத்தை வீணாக்கப் போவதில்லை. 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி முடித்தவரிடம் வரவுப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்கிறவர்களோடு என்னத்தை விவாதிப்பது?

அந்த 22.28 மீது எனக்கு ஒரு பித்து உண்டு. வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2000 செப்டெம்பர் 28, சிட்னி ஒலிம்பிக், 200 மீற்றர் இறுதி. அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84. பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27. சுசந்திகா 22.28. ஏழு வருடம் கழித்து, ஊக்கமருந்து பாவித்ததை ஜோன்ஸ் ஒப்புக்கொண்டு பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். 2009 டிசெம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு அவற்றை மறுபடி பங்கிட்டது. தங்கம் போலினுக்கு, வெள்ளி சுசந்திகாவுக்கு. 'வெண்கலம் வெள்ளியானது' என்று நாம் சந்தோஷப்பட்டோம். கணக்கை மறுபக்கம் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. இலங்கைக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கும் நடுவில் அன்று கிடந்தது நூறில் ஒரு செக்கன். அவர் ஓடிய சராசரி வேகத்தில் அது ஒன்பது சென்ரிமீற்றர். பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தை எடுத்து அளந்து பாருங்கள். எல்லைக்கோட்டைத் தலை தொட்டாலும் செல்லாது, கை தொட்டாலும் செல்லாது. உடம்பின் நடுப்பகுதி தொட வேண்டும். கடைசி அடியில் யார் எவ்வளவு முன்னே சரிந்தார் என்பதைப் படம் எடுத்துத்தான் பிரிக்க முடியும்.

அதே நூறில் ஒன்று அவருக்குக் கைகொடுத்ததும் உண்டு. 1997இல் ஏதென்ஸ் உலக சம்பியன்ஷிப்பில் 22.39 ஓடி வெள்ளி வென்றபோது, 22.40 உடன் பின்னால் வந்தவர் ஜமேக்காவின் மெர்லின் ஒட்டி. பத்து வருடம் கழித்து ஒசாகாவில் 22.63 உடன் வெண்கலம். நாலாவதாக வந்தவருக்கும் அவருக்கும் வித்தியாசம் நூறில் இரண்டு. இடையில் 2002இல் புசானில் ஆசிய விளையாட்டின் 100 மீற்றர் தங்கம். குறுந்தூர ஓட்டத்தில் பத்து வருடம் உலகத்தின் முன்வரிசையில் நிற்பது என்ன பாடு என்று ஓடத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். இந்தப் பெண் அதைச் செய்தது எந்த நிலைமையில்? வரக்காப்பொலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து, ஏதென்ஸ் வெள்ளிக்கு அடுத்த வருடமே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் மாட்டி, பின்னர் அதிலிருந்து விடுபட்டு, விளையாட்டை ஆண்டவர்கள் தன்னைத் துன்புறுத்தினார்கள் என்று பகிரங்கமாகச் சொல்லி, அதற்காகவே 'வாய்க்காரி' என்று பெயர் வாங்கி, கடைசியில் அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்து. சிட்னிக்கு அவர் போனது அமைச்சின் தயவால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த ஒன்பது சென்ரிமீற்றருக்கு அப்பால் நின்ற போலின் பின்னர் எங்கே இருந்தார்? சர்வதேச மெய்வல்லுநர் சங்கங்களின் சம்மேளனத்தின் பேரவையில், 2007இலிருந்து உறுப்பினராக. பஹாமாஸின் மொத்தச் சனத்தொகை நம் கொழும்பு மாநகரத்தின் சனத்தொகையைவிடக் குறைவு. பக்கத்தில் இந்தியாவைப் பாருங்கள். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 400 மீற்றர் தடைதாண்டலில் பி.ரி. உஷா வெண்கலத்தைத் தவறவிட்டதும் இதே நூறில் ஒரு செக்கனால்தான். 55.42. ஒலிம்பிக் பதக்கமே இல்லாத அந்த உஷாவுக்கு ரயில்வேயில் அதிகாரி உத்தியோகம் இருந்தது. கேரளத்தில் கினாலூரில் இன்று அவருக்கென்று ஓர் ஓட்டப் பள்ளி. 2017இல் அதன் செயற்கை ஓடுபாதையைக் காணொளி வழியாகத் திறந்து வைத்தவர் நாட்டின் பிரதமர். தோற்ற நூறில் ஒன்றுக்கு அங்கே ஓடுபாதை. இங்கே ஒலிம்பிக்கில் வென்றவர் பதக்கத்தை வாங்க ஆள் தேடினார்.

'நம் நாட்டுக்கு வசதி இல்லை' என்று உடனே ஒரு குரல் வரும். ஐந்து வருடம் பாராளுமன்ற ஆசனத்தில் இருந்தால் ஆயுளுக்கும் ஓய்வூதியம் என்று 1977இலேயே சட்டம் போட்ட நாடு இது. ஐந்து வருடத்தில் அந்த உறுப்பினர் வாய் திறந்தாரா, தூங்கினாரா என்று யாரும் கேட்டதில்லை. போதாதற்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரமும் கொடுத்தார்கள். அதை விற்றுக் காசாக்கியதை ஊரே அறியும். எந்த முகநூல் வீரரும் அதைப் 'பிச்சை' என்று எழுதிக் கண்டதில்லை. அனுமதிப்பத்திரத்தை விற்பது சாமர்த்தியம், பதக்கத்தை விற்பது தேசத்துக்கு அவமானம். நல்ல நியாயம்!

கோளாறு தொகையில் இல்லை. சுசந்திகாவின் பணம் 'கொடுப்பனவு' என்ற பெயரில் வந்ததே, அதில்தான் இருக்கிறது. கொடுப்பனவை அமைச்சர் கொடுப்பார், அடுத்த அமைச்சர் நிறுத்துவார். ஆலோசகர் என்பார்கள், பயிற்றுநர் என்பார்கள், ஒருநாள் 'வேலையைக் காட்டு' என்பார்கள். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, தேசிய அணி விமானம் ஏறுவதற்கே அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். ஓடும்போது அமைச்சர், ஓய்ந்த பிறகும் அமைச்சர். மலேசியாவில் ஒலிம்பிக் வெள்ளி வென்றவருக்கு மாதம் 3,000 ரிங்கிட் ஆயுள் முழுக்கக் கிடைக்கிறது. நம் காசில் ஒரு லட்சத்தைத் தாண்டும். இந்தியாவில் 1994இலிருந்து ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 2017இல் தொகை சின்னதுதான், மாதம் 10,000 இந்திய ரூபாய். ஆனால் அதை வாங்க யாருடைய வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

'சிங்களப் பெண்ணுக்கும் சிங்கள அமைச்சருக்கும் நடக்கிற சண்டை, நமக்கென்ன?' என்று வெள்ளவத்தையில் கேட்பவர்கள் இருப்பார்கள். சுகததாச அரங்கு இருப்பது கொட்டாஞ்சேனைக்கு அருகில். நம் பிள்ளைகள் ஓடுவதும் அங்கேதான். போட்டி நாட்களில் பின்னேரம் போய்ப் பாருங்கள்: வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைகள், தோளில் பை, அதன் வாரில் முடிந்து தொங்கவிட்ட ஸ்பைக் சப்பாத்து, ஒரு கையில் சான்றிதழ், மறு கையில் பனிஸ். பதினைந்து வயதில் அவர்களின் கால்களில் இருக்கிற வேகத்தைப் பார்த்தால் வயிறு குளிரும். சாதாரண தரப் பரீட்சை வருடம் பிறந்ததும் அவர்களில் பாதிப்பேரைக் காணோம். காலி வீதியின் ரியூஷன் வகுப்புகள் விழுங்கிவிடுகின்றன. பெற்றாரைக் குறை சொல்லி நம் பத்திரிகைகளில் எத்தனையோ கட்டுரைகள் வந்தாயிற்று. நான் சொல்ல மாட்டேன். அந்தத் தாய்தகப்பன்தான் இந்த நாட்டு விளையாட்டுத்துறையைச் சரியாகக் கணக்குப் பார்த்தவர்கள். ஒலிம்பிக் மேடை ஏறியவளே நாற்பத்தொரு வயதில் பதக்கத்தை விற்க முன்வந்தாள் என்றால், அகில இலங்கைப் போட்டியில் மூன்றாவதாக வந்த தங்கள் மகளுக்கு என்ன மிஞ்சும்?

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. 1948இல் லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற டங்கன் வைற் பிறகு நைஜீரியாவில் படிப்பித்தார், 1998இல் இங்கிலாந்தில் கண்மூடினார். 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்த நம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் படித்து, பின்னர் அங்கேயே குடியேறினார். இருவருக்கும் பதக்கத்தை விற்க வேண்டி வரவில்லை. வென்ற பிறகு இங்கேயே இருந்தவர் சுசந்திகா. தப்பு அதுதான் போலிருக்கிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு பக்கச் சட்டமூலம் ஒன்று போதும்: ஒலிம்பிக், உலக சம்பியன்ஷிப் பதக்கம் வென்ற ஒவ்வொருவருக்கும் பாராளுமன்ற உறுப்பினர் பெற்றுவந்த ஓய்வூதியத்துக்குக் குறையாத ஆயுள் ஓய்வூதியம், அமைச்சரின் கையெழுத்துத் தேவையில்லாமல் நேரே திறைசேரியிலிருந்து. சுசந்திகாவுக்கு 2000 ஆம் ஆண்டிலிருந்து நிலுவையோடு. அது நிறைவேறும் வரை அடுத்த ஒலிம்பிக்குக்கு ஒருவரையும் அனுப்ப வேண்டாம். மிச்சமாகும் விமானச் சீட்டுக் காசை ஓய்வூதிய நிதிக்குப் போடலாம், அதிகாரிகள் பயணிக்கும் சீட்டுகளையும் சேர்த்தால் நல்ல தொகை வரும். அதற்கும் மனம் இல்லையென்றால் விளையாட்டுத்துறை அமைச்சையே மூடிவிடுவது உத்தமம். இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் 52 வருடம் போயிற்று. இந்தப் போக்கில் அடுத்தது 2052இல் வரும். அதுவரை அந்த அமைச்சுக்கு என்ன வேலை?