காயத்திற்கு முதல் மருந்து தண்ணீரே

எம்மவரில் பலர் புகலிட நாடுகளில் உணவகச் சமையலறைகளிலேயே வாழ்வைத் தொடங்கினர். கத்தி விரலைப் பதம்பார்ப்பது அங்கே வழமை. வைத்தியர் காயத்தைக் கழுவிக் கட்டி அனுப்பிவிடுகிறார். ‘ஒரு அன்ரிபயோரிக் தரவும் மனமில்லை, அகதி என்ற அலட்சியம்’ என்ற குறையோடு வீடு திரும்புபவர், எப்போதோ இருமலுக்குத் தந்து மிஞ்சிய குளிசைகளில் இரண்டை விழுங்குகிறார். 1990களில் பொருளாதாரத் தடையினால் மருந்தின்றித் தவித்த மண்ணிலிருந்து வந்த எமக்கு, மருந்து மறுக்கப்படுவது உயிர் மறுக்கப்படுவதாகவே தோன்றும். ஆயினும் இவ்விடயத்தில் நியாயம் வைத்தியரின் பக்கமே உள்ளது.

விழுங்கிய மருந்து இரத்தத்தின் வழியாகவே காயத்தை அடைகிறது. காயத்தில் படிந்த மண்ணுக்குள்ளும் நசிந்து இறந்த தசைக்குள்ளும் இரத்தம் செல்வதில்லை. எனவே அங்குள்ள கிருமியை மருந்தும் நெருங்குவதில்லை. அவற்றை அகற்ற வல்லது நீரே. சுத்தமான துணியால் பத்து நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் இரத்தம் பெரும்பாலும் நிற்கும். பின்னர் ஓடும் குழாய்நீரில் சில நிமிடங்கள் நன்கு கழுவி மூடிக் கட்டுதல் போதுமானது. கோப்பித்தூள், மஞ்சள் முதலியவற்றை இடலாகாது.

‘சத்திரசிகிச்சையில் மட்டும் முன்கூட்டியே மருந்து ஏற்றுவது ஏன்?’ என வாசகர் வினவலாம். அங்கே கத்தி படுமுன்னரே மருந்து இரத்தத்தில் நிறைந்திருக்கிறது. கிருமி புகுந்து மூன்று மணி நேரத்தின் பின் கொடுக்கப்படும் மருந்து பயனளிப்பதில்லை என்பதை, அமெரிக்க வைத்தியர் ஜோன் பேர்க் விலங்குகளில் நடத்திய ஆய்வு 1961இல் காட்டியது. சத்திரசிகிச்சை முடிந்த பின்னர் தடுப்புக்கென மருந்தைத் தொடரவேண்டாம் என உலக சுகாதார நிறுவனமும் 2016இல் அறிவுறுத்தியது.

தேவையற்ற குளிசை வயிற்றோட்டத்தையும் ஒவ்வாமையையும் தரலாம். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், அளவு குறைந்த மருந்து கிருமிகளை எதிர்ப்புச் சக்தி பெறச் செய்யும் என 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார். மிஞ்சிய இரண்டு குளிசைகள் செய்வதும் அதுவே.

எனினும் எல்லாக் காயங்களும் ஒன்றல்ல. ஆழமாகக் குத்திய காயம், மண் படிந்த பெருங்காயம், பூனை, நாய் அல்லது மனிதக் கடி, நீரிழிவு நோயாளரின் காற்புண் ஆகியவற்றைத் தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும். இவற்றுட் சிலவற்றுக்கு முன்கூட்டியே மருந்து தேவைப்படும். சிவப்புப் பரவினாலோ, வீக்கமும் வலியும் கூடினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே செல்லுங்கள்.

வைத்தியரிடம் நாம் முதலிற் கேட்கவேண்டியது குளிசையன்று; ஏற்புத் தடுப்பூசி வேண்டுமா என்பதே. அன்ரிபயோரிக் அதற்கு ஈடாகாது. இடப்பெயர்வுகளில் தடுப்பூசி அட்டையைத் தொலைத்தவர்கள் எம்மிற் பலர். அதனைத் தயங்காது கூறுங்கள். அட்டை இல்லையென்பது எவருக்கும் இழுக்கன்று.