ஆபரேஷன் செய்தவர்களைத் தேடிய டாக்டர்

சுவிட்சர்லாந்து நாட்டின் தலைநகர் பெர்ன். அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1872-ம் ஆண்டு ஓர் இளைஞர் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். அவர் பெயர் தியோடர் கோச்சர். அப்போது அவருக்கு வயது 30.

1909-ல் அவர் நோபல் பரிசு பெற்றார். கத்தி பிடிக்கும் டாக்டர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை.

பரிசு எதற்காக? கழுத்தில் இருக்கும் ஒரு சிறு சுரப்பிக்காக!

அறந்தாங்கிக்காரர்களுக்கு அந்தச் சுரப்பியின் பெயர் புதிதல்ல. "எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று பெண்கள் பேசிக்கொள்வதைப் பஸ்ஸிலும் கேட்கலாம், ரேஷன் கடை வரிசையிலும் கேட்கலாம். உண்மையில் தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. ஆணுக்கும் உண்டு, பச்சைக் குழந்தைக்கும் உண்டு. அது உறுப்பின் பெயர். அதில் கோளாறு வந்தால்தான் நோய்.

குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோல் அது ஒட்டியிருக்கிறது. அதில் சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. குழந்தை வளர்வதும், மூளை விழிப்பாக இருப்பதும், உடம்பில் சூடு இருப்பதும் அதனால்தான். அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். அயோடின் குறைந்தால் சுரப்பி வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை.

மலை நாடுகளில் மண்ணில் அயோடின் குறைவு. ஆகவே சுவிட்சர்லாந்தில் கழலை மிகுதியாக இருந்தது. நம் நாட்டில் இமயமலை அடிவாரத்திலும் அப்படித்தான். 1950-களில் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கழலை குறைந்தது. 1962-ல் அரசாங்கம் கழலை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. நாம் கடலோரத்தார், நமக்கு வராது என்று இருந்துவிடக் கூடாது. கழுத்தில் கட்டி வர வேறு காரணங்களும் உண்டு.

டாக்டர்களே பயந்த காலம்

கோச்சர் படித்த காலத்தில் கழலை ஆபரேஷன் என்றால் டாக்டர்களே நடுங்கினார்கள். 100 பேருக்குச் செய்தால் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். தைராய்டுக்கு ரத்த ஓட்டம் அதிகம். கத்தி பட்டால் ரத்தம் கொட்டும். பிழைத்தவர்களைப் புண்ணில் சீழ் பிடித்துக் கொன்றது. 1850-ல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் இந்த ஆபரேஷனையே கண்டித்தது.

கோச்சர் அவசரப்படவில்லை. கிருமிகளைக் கொல்லும் லிஸ்டர் முறையைக் கைக்கொண்டார். ஒவ்வொரு ரத்தக் குழாயாகப் பிடித்துக் கட்டினார். அதற்காக அவர் அமைத்த இடுக்கி இன்றும் ஆபரேஷன் அறைகளில் இருக்கிறது. அதற்குப் பெயரே "கோச்சர்"தான்! ஆரம்பத்தில் அவரிடமே 100-க்குச் சுமார் 13 பேர் இறந்தார்கள். பிற்காலத்தில் அது ஒருவருக்கும் கீழே இறங்கியது. 1912-க்குள் சுமார் 5,000 கழலை ஆபரேஷன்களைச் செய்திருந்தார்.

கைத்திறமை இவ்வளவு போதும். அவருடைய பெருமை வேறொன்றில் இருக்கிறது.

ஒரு சிறுமி

1874 ஜனவரி. 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழலை. கோச்சர் சுரப்பி முழுவதையும் எடுத்தார். புண் ஆறியது. சிறுமி வீடு திரும்பினாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றே எவரும் நினைப்பார்கள்.

ஆனால் அவளுடைய ஊர் டாக்டர் ஒரு செய்தி சொன்னார். பெண் மாறிப்போய்விட்டாள். புத்தி மந்தமாகிவிட்டது, சுறுசுறுப்பு போய்விட்டது.

அதன் முழுப் பொருள் விளங்க ஆண்டுகள் சென்றன. 1882-ல் ஜெனீவாவைச் சேர்ந்த ரெவர்டின் என்ற டாக்டர், தம்மிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலரும் இப்படி ஆனதாகக் கோச்சரிடம் சொன்னார். கோச்சர் சும்மா இருக்கவில்லை. சுரப்பி முழுவதும் எடுக்கப்பட்ட தம் நோயாளிகள் 34 பேர் என்று கணக்குப் பார்த்து, திரும்பி வரும்படி அழைத்தார். 18 பேரைப் பரிசோதிக்க முடிந்தது.

அவர்களில் 16 பேருக்கு முகம் வீங்கி, தோல் தடித்து, பேச்சும் நடையும் மெதுவாகியிருந்தன. அந்தச் சிறுமியும் வந்தாள். ஒரு காலத்தில் அவளும் அவள் தங்கையும் அடையாளம் தெரியாதபடி ஒன்றுபோல் இருந்தவர்கள். இப்போது தங்கை வளர்ந்து நின்றாள். அக்காள் குள்ளமாகவே நின்றுவிட்டாள்.

மூடி மறைத்திருக்கலாம். கேட்க ஆளில்லை. கோச்சரோ 1883-ல் பெர்லினில் கூடிய அறுவை சிகிச்சை மாநாட்டில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். புற்று அல்லாத கழலைக்குச் சுரப்பியை முழுக்க எடுப்பதை நிறுத்தினார். தைராய்டு எதற்கு என்பது உலகத்துக்குத் தெரிந்தது, பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான்.

1891-ல் இங்கிலாந்தில் முர்ரே என்ற டாக்டர், சுரப்பி வேலை செய்யாத ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அந்த அம்மாள் பிறகு 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். இன்று ஊசி வேண்டாம். தினம் ஒரு சிறு மாத்திரை போதும்.

ஊர் திரும்பிய பிறகு

சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவக் கழகம் ஆகியவற்றில் இன்று இந்த ஆபரேஷனுக்கென்றே தனித்துறை உண்டு. சுரப்பியை ஒட்டி ஓடும் குரல் நரம்பைக் காப்பது, அதன் பின்னால் அரிசி மணிபோல் இருக்கும் நான்கு சிறு சுரப்பிகளைக் காப்பது, இவையெல்லாம் இத்துறை டாக்டர்கள் ஆராயும் விஷயங்கள். அந்த நான்கும் கெட்டால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, விரல்கள் மரத்து, கை இழுக்கும்.

ஆபரேஷன் நன்றாக நடக்கிறது. அறந்தாங்கிக்குத் திரும்பிய பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. "கட்டிதான் போய்விட்டதே, மாத்திரை எதற்கு?" என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கோச்சர் 16 பேரிடம் கண்டதை இவர்கள் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, அரை மணியாவது கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. பெண்கள் கர்ப்பமானால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

நோயாளியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? வேலூருக்கும் சென்னைக்கும் போய் வர ஒரு வாரக் கூலி போய்விடுகிறது. அங்கே கொடுத்த சீட்டு பெட்டிக்குள் போய்விடுகிறது. கோச்சர் தம் நோயாளிகளைத் தேடிய காலத்தில் எல்லோர் கையிலும் டெலிபோன் இல்லை. இன்று இருக்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. வீடு வீடாகப் போகும் அந்த ஊழியர்கள், கழுத்தில் ஆபரேஷன் தழும்பு உள்ளவர்களையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளலாமே! கேட்க வேண்டியவை சில கேள்விகள்தாம். மாத்திரை கையில் இருக்கிறதா? குரல் கம்மியிருக்கிறதா? விரல் மரத்துப்போகிறதா? கடைசியாக ரத்தம் சோதித்தது எப்போது?

பதில் சரியில்லை என்றால் நோயாளி சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலேயே 2017-ல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.