கை வராத கலை

ஓவியம் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். நான் பி.காம். லெட்ஜரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அனுபவம் உண்டு. ஸ்கூலில் டிராயிங் மாஸ்டர் எதை வரையச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, 3-ஐப் படுக்க வைத்த மாதிரி காக்கா. நீங்களும் அதே கோஷ்டிதானே?

கோபுலு, பக்கவாதத்தில் வலது கை முடங்கிய பிறகு இடது கையால் வரையப் பழகினார் என்று படித்தேன். இரண்டு கையும் நன்றாக இருக்கிற எனக்கு வெட்கமாகிவிட்டது. கடைக்குப் போய் எச்.பி., 2பி, 4பி பென்சில்கள் வாங்கினேன். கோட்டுக்கு எச்.பி., நிழலுக்கு மற்ற இரண்டும். பி-க்கு முன்னால் நம்பர் ஏற ஏறக் கறுப்பு கூடும்.

முதல் மாடல் என் மனைவி. படத்தைப் பார்த்துவிட்டு, "யாரு, உங்க அக்காவா?" என்றாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத சமயம் அது.

தப்பு இதுதான்: கண்ணை நெற்றியில் வைத்துவிட்டேன். எல்லாரும் செய்வது. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கும். சந்தேகமிருந்தால் கண்ணாடி முன் ஸ்கேலோடு நின்று பாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்க இடம் விட வேண்டும். காது புருவத்தில் ஆரம்பித்து மூக்கின் அடியில் முடியும்.

அடுத்து, ரப்பரை ஒளித்து வையுங்கள். நான் வரைந்ததைவிட அழித்ததுதான் ஜாஸ்தி. முதல் கோட்டை லேசாகப் போட்டு, தப்பென்றால் பக்கத்திலேயே சரியானதை அழுத்திப் போட வேண்டும். கணக்குப் புத்தகத்திலும் அப்படித்தானே? அடிக்கலாம், அழிக்கக்கூடாது. என் ரப்பர் இப்போது பையனின் பென்சில் பாக்ஸில்.

முக்கியமான விஷயம், அளப்பது. முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிராளியின் தலை பென்சிலில் எவ்வளவு வருகிறது என்று கட்டை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். நிற்கிற ஆள் சுமார் ஏழு, ஏழரைத் தலை உயரம். (மின்சார ரயிலில் இப்படி அளந்தபோது எதிர் ஸீட்டுக்காரர் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார்.) பென்சிலைப் படுக்கையாகப் பிடித்தால் எது மேலே, எது கீழே என்று தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வாசலில் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை வரைந்தேன். முகம் அப்பா, உடம்பு வேறு யாரோ. பென்சிலைப் படுக்க வைத்துத் தோளுக்குத் தோள் பார்த்தேன். இடது தோள் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது.

அப்பா 31 வருஷம் பஸ் கண்டக்டர். சில்லறை நிறைந்த தோல் பையின் வார் அந்தத் தோளில்தான் கிடக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற தோள். நான் நேராகவே வரைந்துகொண்டிருக்கிறேன்.

நாலாவது படத்தில் தோளை இறக்கிப் போட்டேன். அப்பா வந்துவிட்டார்.

வாங்கிப் பார்த்தார். "மூஞ்சி சரியாத்தாண்டா இருக்கு. தோளை ஏன் கோணலாப் போட்டிருக்கே? ரப்பர் எடுத்து சரி பண்ணு."

"ரப்பர் இல்லப்பா. பையன் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை என்ன ஸ்கூல் என்று அவர் கேட்கவில்லை.