பச்சை மைக்காக ஒரு நோட்டு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ். காலை ஏழே முக்கால். பக்கத்து சீட்டில் ஒரு டீச்சர். மடியில் சாப்பாட்டுப் பை, கையில் செல்போன். செயற்கை நுண்ணறிவிடம், ‘ஒன்றாம் வகுப்பு, தமிழ், ஒரு வாரத்துக்குப் பாடக்குறிப்பு கொடு’ என்று கேட்கிறார். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் ஐந்து நாள் பாடமும் வந்து விழுந்துவிட்டது.

நான் எட்டிப் பார்த்ததைக் கவனித்துவிட்டார். “தப்பா நினைக்காதீங்க சார். இது இல்லேன்னா ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சு எழுதணும்” என்றார்.

நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் இதைக் கேட்டதும், “அப்புறம் வாத்தியாருக்கு எதுக்குச் சம்பளம்?” என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் ஒரு கேள்வி. அந்த நோட்டு இதற்கு முன்னால் மட்டும் எப்படி எழுதப்பட்டது? போன வருஷ நோட்டைப் பார்த்து, தேதியை மட்டும் மாற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்! யாருக்காக அந்த எழுத்து? அதிகாரி வந்தால் காட்டுவதற்காக. அவர் பச்சை மையில் ஒரு கையெழுத்துப் போடுவதற்காக. யாரும் படிக்காத ஒன்றை மனுஷன் எழுதினால் என்ன, மெஷின் எழுதினால் என்ன?

மெஷின் வந்து வாத்தியார்களைக் கெடுக்கவில்லை. அந்த நோட்டு வெறும் சடங்கு என்பதைப் போட்டு உடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காக மெஷினுக்கு மாலை போடச் சொல்கிறேனா? இல்லை. டீச்சர் போனைக் காட்டினார். செவ்வாய்க்கிழமைப் பாடத்தில் ஒரு வரி: ‘ள-வில் தொடங்கும் ஐந்து சொற்களை மாணவர்கள் கூற வேண்டும்.’ தமிழில் எந்தச் சொல்லும் ‘ள’வில் தொடங்காது. ‘ஏ ஃபார் ஆப்பிள்’ அச்சில் தமிழைப் போட்டு அமுக்கினால் இப்படித்தான் வரும்.

இதையாவது ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். அடிக்க முடியாத தப்பு ஒன்று உண்டு. மெஷின் நினைப்பில் வகுப்பு என்றால் ஒரே வயசு, ஒரே நிலை, முழுசாக 40 நிமிஷம். நம் ஈராசிரியர் பள்ளிகளில் ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யை முதலமைச்சர் தொடங்கி வைத்ததே இதே மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தார்கள். எந்தப் பிள்ளை எதில் என்று டீச்சருக்குத் தெரியும். போனுக்குத் தெரியுமா?

பொங்கல் முடிந்ததும் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விடும் இருளர் வீட்டுப் பிள்ளை, மழைக்காலத்தில் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்குத் திங்கட்கிழமை பாடம் எங்கே ஆரம்பிக்கணும்?

இன்னொன்று. புத்தகத்தில் நிலக்கடலை. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அது மல்லாட்டை. டி.எம்.வி. என்று பெயர் தாங்கிய கடலை ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு டீச்சர் நாலு மல்லாட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணவும் சொல்லித் தருவார், எழுதவும் சொல்லித் தருவார். மெஷின் படம் போட்ட அட்டையையும் ஆப்பிளையும் கொண்டுவரச் சொல்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கர்நாடகத்தில் 2023-ல் சிக்‌ஷனா அறக்கட்டளையும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் ‘சிக்‌ஷா கோபைலட்’ என்று ஒன்றை அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தன. மாநிலப் பாடப் புத்தகத்தை வைத்து, கன்னடத்திலும் பாடத்திட்டம் தரும் கருவி. தருவதைத் தன் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை ஆசிரியர் கையில். நல்லது. இங்கேயும் வரட்டும்.

ஆனால் மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரம் யாருக்குப் போகும்? எமிஸில் இன்னும் நாலு கட்டம் நிரப்பத்தான் என்றால், மெஷினே வேண்டாம்.

கல்வித் துறைக்கு நான் சொல்வது இதுதான். காட்டுவதற்காக எழுதும் நோட்டை ஒழியுங்கள். அதற்குப் பதில், ‘இன்று எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை’ என்று தினம் நாலே வரி டீச்சர் கைப்பட எழுதட்டும். வகுப்பில் நின்றவர் மட்டும்தான் அதை எழுத முடியும். பார்வையிட வரும் அதிகாரி நோட்டைக் கேட்காமல், அந்தக் கடைசி வரிசைப் பிள்ளை பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காரட்டும்.

திண்டிவனத்தில் இறங்கும்போது, “டீச்சர், அந்த ‘ள’வை மட்டும் அடிச்சிடுங்க” என்றேன்.

“நான் அடிச்சிடுவேன் சார். ஆனா அடிக்காம விட்டாலும் கையெழுத்து விழுந்துடும்” என்றார்.