அசைவு முடியும் முன் விரல் பட்டால்

2017 செப்டெம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 11இன் கணிப்பானில் 1+2+3 என்று வேகமாக அழுத்தினால் விடை 24 என்று வந்தது. கணக்குப் போடும் பகுதியில் பிழையில்லை. கூட்டல் பொத்தான் மின்னி அடங்கும் அனிமேஷன் முடியும்வரை மறு தொடுகையை அது ஏற்கவில்லை. இரண்டாவது கூட்டல் விழாமல் போக, 1 உடன் 23 கூடியது. டிசெம்பரில் வந்த 11.2 பதிப்பில்தான் இது சீரானது. ஆகவே எதிர்பாராத அசைவை அழகுக் குறையென்று கடைசிக்குத் தள்ளாமல், பிழையான கணக்குக்குச் சமமான பிழையாகவே நடத்த வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரின் பொறியியல் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் செயலி எழுதப் பழகும் மாணவர்களுக்கு இது முதலாண்டுப் பாடமாக வேண்டும்.

இவ்விரண்டும் அமைந்த வன்னிக்கு இதில் தனிக் கரிசனை உண்டு. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் அடங்கும் பொத்தான் தமிழில் 'கொடுப்பனவு செய்க' என்று நீண்டு இரண்டு வரியாகிறது. ஆங்கில அளவுக்கென்றே எழுதிய அசைவு அப்போது இடறும். கீழே உள்ளவை நழுவி, 'இரத்துச் செய்' இருந்த இடத்துக்கு 'உறுதிப்படுத்து' வந்து நிற்கலாம். விரல் ஏற்கெனவே இறங்கியிருக்கும், காசு போய்விடும். விலை குறைந்த கைபேசியில் இந்த ஆபத்து இன்னும் கூடும். நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்க, ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி நொடிதான். அதற்குள் வேலை முடியாவிட்டால் அசைவு தாவும். எழுதியவரின் விலையுயர்ந்த கருவியில் இது தெரியாது.

அனிமேஷனே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. திறந்த பக்கம் எங்கிருந்து வந்தது, மூடியது எங்கே போனது என்று அது காட்டுகிறது. வேண்டாதவர்கள் செட்டிங்ஸில் நிறுத்திக்கொள்ளலாமே என்பார்கள். 2013இல் ஐஓஎஸ் 7இன் அசைவுகள் பலருக்குத் தலைசுற்றல் தந்தபின் அவற்றைக் குறைக்கும் வசதி விரிவாக்கப்பட்டது உண்மை. ஆண்ட்ரொயிட்டிலும் அப்படியொன்று உண்டு. ஆனால் செயலி அதை மதித்தால்தான் பயன். போரில் ஒரு கையையோ பார்வையின் ஒரு பகுதியையோ இழந்தவர்கள் வாழும் மண்ணில், அந்த மதிப்பைச் சலுகையாக எண்ணக்கூடாது. சிறிய குழுவுக்கு நேரமில்லை என்ற வாதமும் நிற்காது. ஆண்ட்ரொயிட்டின் டெவலப்பர் தெரிவுகளில் அசைவைப் பத்து மடங்கு மெதுவாக்கலாம். மொழியைத் தமிழாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, பொத்தானை இருமுறை சட்டென்று தட்டினால் எது இடம் மாறுகிறது, எது தொடுகையை விழுங்குகிறது என்று வெறுங்கண்ணுக்கே தெரியும். செயற்றிட்டங்களுக்குப் புள்ளியிடும் விரிவுரையாளர்கள் இந்தச் சோதனையை முதலில் கேட்கட்டும்.